மைதானத்துக்கும் போகலாம், வேலையும் வாங்கலாம்

வரும் ஆகஸ்டில் எம்.பி.ஏ. படிக்க வெளிநாடு புறப்படும் வாசகர்கள் அனுப்பியவற்றில், பல்கலைக்கழக விளையாட்டு பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலானவை அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே பல பல்கலைக்கழகங்களில் அணி ஆடும் நாளில் ஊரே திரண்டுவிடும். அந்தக் கூட்டத்தில் எம்.பி.ஏ. மாணவருக்கும் இடம் உண்டு. ஆனால் அது தானாகக் கிடைப்பதில்லை.

டியூக் பல்கலைக்கழகத்தின் ஃபியூக்வா மேலாண்மைப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. கூடைப்பந்து டிக்கெட்டுக்காக ஒரு வார இறுதி முழுக்க வெட்டவெளியில் கிடக்க வேண்டும் என்கிறார்கள் சீனியர்கள். ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு இதெல்லாம் தேவையா? — வாசகர், கோயம்புத்தூர்

கட்டாயமில்லை. ஆனால் தவறவிடாதீர்கள் என்றே சொல்வோம்.

டியூக் ஆண்கள் அணி 1991, 1992, 2001, 2010, 2015 ஆகிய ஆண்டுகளில் தேசிய சாம்பியன். ஐந்தும் 1980 முதல் 2022 வரை பயிற்சியாளராக இருந்த ‘கோச் கே’ எனப்படும் மைக் ஷஷெவ்ஸ்கியின் காலத்தில் வந்தவை. இவ்வளவு புகழ் பெற்ற அணி ஆடும் கேமரன் அரங்கமோ 1940-இல் திறந்தது. 9,314 பேர்தான் கொள்ளும். ஆசைப்படுகிறவர்கள் அதைப்போலப் பல மடங்கு. அதனால்தான் இளநிலை மாணவர்கள் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் கூடாரம் போட்டுக் காத்திருக்கிறார்கள். முதுநிலை மாணவர்களுக்கு அந்தக் கஷ்டத்தைச் சுருக்கி, கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரே வார இறுதியாக வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ‘கேம்ப்அவுட்’. நடத்துவது முதுநிலை மாணவர் பேரவை.

முறை இதுதான். வழக்கமாக வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு காலை வரை, ஏறக்குறைய 36 மணி நேரம், குறிப்பிட்ட இடத்திலேயே இருக்க வேண்டும். பகலிலோ நடு இரவிலோ, முன்னறிவிப்பு இல்லாமல் சைரன் ஒலிக்கும். சில நிமிடங்களுக்குள் மேசைக்கு ஓடிப்போய் மாணவர் அட்டையைக் காட்டிப் பதிய வேண்டும். தவறவிட்டவர் பெயர் கழிந்துவிடும். எத்தனை முறை தவறினால் மன்னிப்பு, பதிவுக்கு எத்தனை நிமிடம் என்பதெல்லாம் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், அந்த ஆண்டின் விதித்தாளை வரிவிடாமல் படியுங்கள். கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் பெயர்கள் குலுக்கலுக்குப் போகும். குலுக்கலில் விழுந்தால் இலவச டிக்கெட் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கிடைப்பது சீசன் டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கும் உரிமை. அந்தப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

ஃபியூக்வா மாணவர்கள் கூடாரத்துக்குப் பதில் வீட்டுச் சாமான் ஏற்றும் வாடகை டிரக்கைக் குழுவாக எடுத்து, அதன் சரக்குப் பெட்டியில் மெத்தை விரித்துப் படுப்பது வழக்கம். மழை உள்ளே வராது, நல்ல வசதிதான். தொல்லைகளும் உண்டு. அந்த வார இறுதிக்கு டியூக் இருக்கும் டர்ஹாம் சுற்றுவட்டாரத்தில் டிரக் கிடைப்பது அரிது. தேதி அறிவித்த அன்றே பதியுங்கள். டிரக் யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் பொறுப்பு. கார் வாடகைக்கு உதவும் கிரெடிட் கார்டு காப்பீடு பெரும்பாலும் சரக்கு டிரக்கைச் சேர்க்காது. ஆகவே வாடகை நிறுவனத்தின் காப்பீட்டுக்குக் கட்டி, செலவைக் குழுவில் பிரித்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடும்போது பின்பெட்டியில் ஒருவரும் ஏறக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பெட்டிக்குள் கரி அடுப்போ கேஸ் அடுப்போ ஜெனரேட்டரோ வைக்கவே கூடாது. மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் சேரும். தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். படுக்கும்போது பின்கதவைத் திறந்தே வையுங்கள்.

இரைச்சலுக்குப் பயந்து காதில் பஞ்சோ இயர் பிளக்கோ வைத்துக்கொண்டு தூங்குவதுதான் புதியவர்களை வெளியேற்றும் பெரிய காரணம். சைரன் கேட்காது. ஆறு பேர் சேர்ந்தால் இரண்டிரண்டு மணி நேரம் முறைபோட்டு ஒருவர் விழித்திருங்கள். ஓடுவதற்கு ஏற்ற செருப்பும் மாணவர் அட்டையும் தலைமாட்டிலேயே இருக்கட்டும். செப்டம்பரில் அங்கே பகலில் 30 டிகிரி வெயிலும் மாலையில் இடிமழையும் ஒரே நாளில் வரும். தரைக்கு ஒரு தார்ப்பாய், மாற்று சாக்ஸ் மூன்று ஜோடி, பவர் பேங்க், ஆளுக்கு ஆறு லிட்டர் தண்ணீர் இருந்தால் சமாளித்துவிடலாம்.

குலுக்கலில் தோற்றாலும் இதைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் உண்டு. வகுப்பு தொடங்கிய முதல் வாரங்களில் ஒவ்வொருவரும் அவரவர் நாட்டுக்காரர்களோடும் பழைய துறைக்காரர்களோடும்தான் ஒட்டிக்கொள்கிறார்கள். நடு இரவு மூன்று மணிக்கு ஒன்றாக ஓடியவர்களிடம் அந்தச் சுவர் இருப்பதில்லை. சட்டம், மருத்துவம், பொறியியல் துறைகளின் முதுநிலை மாணவர்களும் அங்கேதான் கிடப்பார்கள்; ஃபியூக்வா கட்டடத்துக்குள்ளேயே இரண்டு வருடம் சுற்றினால் அவர்களைப் பார்க்க முடியாது.

மிச்சிகன் ராஸ் பள்ளிக்குப் போகிறேன். ஃபுட்பால் ஆட்டத்துக்கு முன்னால் ‘டெய்ல்கேட்’ என்று ஒன்று நடக்குமாம். நான் சைவம், மது பழக்கம் இல்லை, ஆட்டமும் புரியாது. ஒதுங்கி இருப்பதே மேல் இல்லையா? — வாசகி, மதுரை

ஒதுங்காதீர்கள். மூன்றுமே தீர்க்கக்கூடியவை.

ஆட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். களம் 100 கெஜம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் புதிதாக நான்கு. எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 1, மறுபடி எல்லைக்குள் கொண்டுபோனால் 2. முன்னேற முடியாதபோது தூரத்திலிருந்து கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 3. தலா கால் மணி நேரமாக நான்கு பகுதிகள் என்று கணக்கு, ஆனால் கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் மூன்றரை மணி நேரம் ஆகும். இடைவேளை 20 நிமிடம். அதில் பல்கலைக்கழக பேண்டு வாத்தியக் குழு அணிவகுத்து வாசிக்கும். எழுந்து போய்விடாதீர்கள், அது தனிக் கச்சேரி. எதிரணி மூன்றாவது முயற்சிக்கு நிற்கும்போது கத்த வேண்டும், நம் அணி பந்தை ஆடும்போது அமைதியாக இருக்க வேண்டும். இந்த ஒன்று தெரிந்தாலே பக்கத்தில் நிற்பவர் உங்களைத் தம் ஆளாக எடுத்துக்கொள்வார்.

டெய்ல்கேட் என்பது ஆட்டத்துக்கு முன் நடக்கும் கூட்டு விருந்து. பகல் 12 மணி ஆட்டத்துக்குக் காலை 8 மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார்கள். சைவத்துக்கு அங்கே காய்கறி பர்கர் கிடைத்தால் உண்டு. அதுவும் இறைச்சி வாட்டிய அதே கம்பியில்தான் கிடக்கும். தடிமனான அலுமினியத் தாள் ஒரு சுருளும் தனி இடுக்கி ஒன்றும் உங்கள் பையில் இருந்தால் அடுப்பின் ஒரு மூலையை உங்களுக்கென்று பிரித்துக்கொள்ளலாம். அதைவிட நல்லது, நீங்களே ஒரு பதார்த்தத்தைப் பொறுப்பெடுத்துக்கொள்வது. முப்பது பேருக்குத் தொடுகறியாக வைக்கப் பன்னீர் இரண்டரை கிலோ, குடைமிளகாய் எட்டு, வெங்காயம் ஆறு போதும். முதல் நாள் இரவே தயிர் மசாலாவில் ஊறப்போடுங்கள். மூங்கில் குச்சிகளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்காவிட்டால் பன்னீர் வேகுமுன் குச்சி கருகி ஒடியும்.

சாதம் கொண்டுபோக நினைத்தால் இரண்டு கிலோ அரிசியில் புளியோதரை செய்யுங்கள். தயிர்சாதம் வேண்டாம். சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அங்குள்ள உணவுப் பாதுகாப்பு விதி. புளியோதரைக்கும் அதே கணக்குதான்; புளியும் எண்ணெயும் காப்பாற்றும் என்று நம்பிச் சாதத்தை மதியம்வரை மூடி வைக்காதீர்கள். சூடு தாங்கும் பெட்டியில் கொண்டுபோய், பரிமாறி, மிச்சத்தை ஐஸ் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

மது அருந்தாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கையில் ஏதாவது ஒரு கோப்பை இருந்தால் கேள்வியே வராது. அருந்துகிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 21 வயதுச் சான்றாகப் பாஸ்போர்ட் கேட்பார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு முடியும் முன்பே, குற்றம் நிரூபணமாகாமலே, உங்கள் விசாவை அமெரிக்க வெளியுறவுத் துறை ரத்து செய்ய முடியும். அடுத்த முறை ஊருக்கு வந்தால் மருத்துவப் பரிசோதனையோடு புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஐந்து நிமிட ஓட்டமானாலும் வாடகைக் காரில் போங்கள்.

மிச்சிகன் ஸ்டேடியம் 1927-இல் திறந்தது. 1,07,601 பேர் கொள்ளும். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்கும்போது கைபேசி இணைப்பு படுத்துவிடும். டிக்கெட்டை வீட்டிலேயே போனின் வாலட்டில் இறக்கி வையுங்கள். பல ஸ்டேடியங்களில் 12-க்கு 6-க்கு 12 அங்குலத்துக்கு உட்பட்ட ஒளி ஊடுருவும் பைதான் உள்ளே போகும். சிலவற்றில் இன்னும் கெடுபிடி. முதல் நாளே விதியைப் பாருங்கள். நவம்பரில் குளிர் தரையிலிருந்துதான் ஏறும். காலுக்குக் கீழே ஓர் அட்டைத் துண்டைப் போட்டு அதன்மேல் நின்றால் இரண்டு ஜோடி சாக்ஸ் செய்யாத வேலையை அது செய்யும்.

மாணவர் சீசன் டிக்கெட் விற்பனை பெரும்பாலும் கோடையிலேயே, நீங்கள் இங்கிருந்து விமானம் ஏறுமுன்பே நடந்துவிடும். பல்கலைக்கழக மின்னஞ்சல் கைக்கு வந்ததும் தேதியைத் தேடுங்கள். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டோடு நடக்கும் ஆட்டம் ஒற்றைப்படை ஆண்டுகளில் உங்கள் ஊரான ஆன் ஆர்பரில், இரட்டைப்படை ஆண்டுகளில் அவர்கள் ஊரான கொலம்பஸில். இரண்டு வருடப் படிப்பில் உங்கள் ஊரில் அது ஒரே ஒரு முறைதான் வரும்.

என் மகள் கல்லூரிக் காலத்தில் மாநில அளவில் டென்னிஸ் ஆடியவள். பொறியியல் முடித்து மூன்று வருடம் ஐ.டி. வேலை. இப்போது எம்.பி.ஏ. விளையாட்டு உதவித்தொகையில் பல்கலைக்கழக அணியில் ஆட முடியுமா? — ஒரு தந்தை, திருநெல்வேலி

ஐயா, மேல்நிலைப் பிரிவில் முடியாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் டிவிஷனில், முதன்முதலாக முழுநேரக் கல்லூரி மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்தக் கல்லூரி இந்தியாவில் இருந்தாலும் கணக்கு அதுவே; வேலை பார்த்த வருடங்களில் கடிகாரம் நிற்காது. நான்கு வருடப் படிப்பும் மூன்று வருட வேலையும் சேர்ந்து ஏழு. காலாவதியாகிவிட்டது. இரண்டாம், மூன்றாம் டிவிஷன்களில் ஆண்டுக்குப் பதில் முழுநேரமாகப் படித்த பருவங்களை எண்ணுகிறார்கள், பத்து செமஸ்டர் வரை. எட்டு செமஸ்டர் முடித்த உங்கள் மகளுக்கு இரண்டு மிச்சம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் முதுநிலை மாணவர்களுக்கென்று வேறு நிபந்தனைகளும் இருக்கின்றன; மூன்றாம் டிவிஷனில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. கல்லூரி விளையாட்டுத் துறையில் விதிப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். சேர்ந்த தேதி, ஆடிய போட்டிகளின் பட்டியலோடு அவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் தெளிவான விடை வரும். ஏஜென்டுகளிடம் பணம் கட்டாதீர்கள்.

ஐவி லீக் பல்கலைக்கழகங்களில் இன்னொரு தடை. ஹார்வர்டு, வார்ட்டன் இருக்கும் பென்சில்வேனியா, கொலம்பியா, யேல், கார்னெல், டார்ட்மத் எல்லாம் அந்தக் கூட்டமைப்பில்தான் இருக்கின்றன. முதுநிலை மாணவர்கள் பல்கலைக்கழக அணியில் ஆடுவதை அந்தக் கூட்டமைப்பு நெடுங்காலமாகவே அனுமதிப்பதில்லை. கொரோனாவுக்குப் பின் 2021-22-இல் மட்டும் விதிவிலக்குத் தந்தது.

இதனால் மகள் ராக்கெட்டைத் தூக்கிப் பரணில் போட வேண்டாம். கிளப் அணி என்று ஒன்று உண்டு. மாணவர்களே நடத்துவது, சந்தா கட்டி ஆடுவது, மற்றப் பல்கலைக்கழகங்களோடும் மோதுவது; பெரும்பாலான கிளப்களில் முதுநிலை மாணவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். தேர்வு செப்டம்பர் முதல் வாரங்களிலேயே முடிந்துவிடும் என்பதால் ராக்கெட்டை முதல் பயணத்திலேயே எடுத்துப் போகட்டும். அதற்கும் கீழே, வளாகத்துக்குள் துறைக்குத் துறை ஆடும் ‘இன்ட்ராமியூரல்’ போட்டிகள். அங்கே நம் ஊர்ப் பிள்ளைகள் கொடிகட்டிப் பறப்பது வாலிபாலில்தான். ஊர்த் திடலில் ஆடிப் பழகியவர்களுக்கு அங்கே நல்ல மவுசு. ஒன்றை நினைவில் வைக்கச் சொல்லுங்கள்: ஆள் சேராமல் ஆட்டத்துக்கு வராத அணிக்குப் பல இடங்களில் அபராதம் போடுவார்கள். ஆறு பேர் ஆட்டத்துக்குப் பத்துப் பேர் பெயர் கொடுப்பது நல்லது. தேர்வு வாரத்தில் நான்கு பேர் காணாமல் போவார்கள்.

வேலை தேடும் மாதங்களும் விளையாட்டு மாதங்களும் ஒன்றாக வருகின்றனவே. கடன் வாங்கிப் படிக்கிறவன் எதை விடுவது? — வாசகர், தஞ்சாவூர்

மோதும் இடத்தைச் சரியாகக் கண்டிருக்கிறீர்கள். ஃபுட்பால் ஆகஸ்ட் கடைசி முதல் நவம்பர் முடிய, கூடைப்பந்து நவம்பர் முதல் மார்ச் வரை, அதன்பின் 68 அணிகளின் தேசியப் போட்டி. முதலாண்டு மாணவருக்கு செப்டம்பர் முதல் நிறுவனங்களின் அறிமுகக் கூட்டங்கள், டிசம்பரையொட்டி விண்ணப்பங்கள், கன்சல்டிங் கோடைப் பயிற்சிக்கு ஜனவரியில் நேர்முகம். வங்கித் துறை இன்னும் முந்திக்கொள்ளும். நிறுவனக் கூட்டங்கள் பெரும்பாலும் வார நாட்களில் என்பதால் சனிக்கிழமை ஃபுட்பாலால் நேரடி மோதல் குறைவு. அடி விழுவது ஞாயிற்றுக்கிழமையில். சனி முழுக்க நின்று கத்திவிட்டு, ஞாயிறு பகல்வரை படுத்துக் கிடந்து, திங்கள் வகுப்பில் அலச வேண்டிய கேஸுக்கு ஒன்றும் படிக்காமல் போவதுதான் பலருக்கு நடக்கிறது. ஃபியூக்வா மாதிரி ஆறு வாரப் பருவம் உள்ள பள்ளியில் இரண்டு ஞாயிறு போனால் மூன்றில் ஒரு பங்கு போச்சு.

முதலாண்டில் நான்கைந்து ஆட்டங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்: முதல் உள்ளூர் ஆட்டம், பரம எதிரியோடு ஆடும் ஆட்டம், பழைய மாணவர்கள் திரும்பி வரும் ‘ஹோம்கமிங்’, உங்கள் குழுத் தோழர்கள் போகும் ஒன்றிரண்டு. இரண்டாம் ஆண்டில் வேலை கையில் வந்தபின் எல்லாவற்றுக்கும் போங்கள். ஹோம்கமிங் வார இறுதியில் நீங்கள் குறிவைத்திருக்கும் நிறுவனத்தில் இருபது வருடம் முன் சேர்ந்தவரே கையில் தட்டோடு பக்கத்தில் நிற்கக்கூடும். அங்கே வேலை கேட்காதீர்கள். ஆட்டத்தைப் பேசுங்கள், பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கள் அன்று, பேசிய ஒரு விஷயத்தை நினைவூட்டி, இருபது நிமிடம் பேச நேரம் கேட்டு நான்கு வரி எழுதுங்கள். அறிமுகமே இல்லாதவரின் மின்னஞ்சலைவிட அதற்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

டார்ட்மத்தின் டக் பள்ளியில் எல்லோரும் ஐஸ் ஹாக்கி ஆடுவார்களாமே? பனிக்கட்டியை ஃப்ரிட்ஜில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். — வாசகர், சேலம்

உங்களுக்காகவே அங்கே ஒரு பிரிவு இருக்கிறது. ஸ்கேட் கட்டியே பழக்கமில்லாதவர்களின் அணிக்கு ‘டிரைபாட்’ என்று பெயர். இரண்டு காலோடு மட்டையையும் மூன்றாவது காலாக ஊன்றி நிற்பவர்கள். டார்ட்மத் இருக்கும் ஹனோவர் சின்ன ஊர், நீண்ட குளிர்காலம், மாலையில் போக வேறு இடம் குறைவு. அந்தப் பள்ளியின் ஒட்டுறவு பனித்தளத்தில் வளர்வதற்கு அதுதான் காரணம்.

புதுச் சாமான் வாங்காதீர்கள். படிப்பு முடித்துப் போகும் சீனியர்கள் முழு செட்டையும் மலிவாகத் தள்ளிவிடுவார்கள். முகக்கம்பி வைத்த ஹெல்மெட்டும் ஸ்கேட்டும் மட்டும் உங்கள் அளவுக்கே இருக்க வேண்டும். ஹாக்கி ஸ்கேட் நம் ஷூ அளவைவிட ஒன்று, ஒன்றரை அளவு சிறிதாக வரும். விரல் நுனி லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் குதிகால் பின்னால் ஒட்டி உட்கார வேண்டும். தளர்வாக இருந்தால் கணுக்கால் உள்பக்கம் சாயும், பயிற்சி போதவில்லை என்று வீணாக நொந்துகொள்வீர்கள். ஸ்கேட்டின் அடியில் இருக்கும் கத்தியைக் கடையில் கூர் தீட்டாமல் இறங்கினாலும் இதே கதைதான். நிற்கக் கற்பதற்கு முன் விழக் கற்றுக்கொள்ளுங்கள்: முழங்காலை மடக்கி, பக்கவாட்டில், இடுப்பு தரையைத் தொடும்படி. கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். எழும்போது விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஓடுபவரின் கத்தி கூர்மையானது.

ஆட்டத்தில் அடிபட்டால் மாணவர் காப்பீடு கைகொடுக்குமா? — வாசகி, திருச்சி

பாலிசியில் ‘விலக்குகள்’ பக்கத்தைப் படிக்காமல் யாரும் சொல்ல முடியாது. பல மாணவர் பாலிசிகள் பல்கலைக்கழக அணிக்கான ஆட்டத்தில் படும் காயத்தை விலக்குகின்றன. சிலவற்றில் கிளப் ஆட்டமும் சேர்ந்துவிடும். வளாகத்துக்குள் ஆடுவது பொதுவாகப் பிரச்சினையில்லை. இந்தியாவில் வாங்கிப் போகும் பயணக் காப்பீட்டில் விளையாட்டுக் காயம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று தனியே கேளுங்கள். எலும்பு வெளியே தெரிவது, மூச்சுத் திணறல், தலையில் பட்டு நினைவு தவறுவது என்றால் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு. கணுக்கால் வீக்கம் போன்றவற்றுக்கு மாணவர் மருத்துவ மையம், அது மூடியிருந்தால் ‘அர்ஜென்ட் கேர்’ எனப்படும் உடனடிச் சிகிச்சை கிளினிக். செலவு பல மடங்கு குறையும். தலையில் பட்டபின் மயக்கமோ குமட்டலோ இருந்தால் அன்று மறுபடி களத்தில் இறங்கக் கூடாது. நான்கைந்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத் திடீரென்று ஓடுகிறவர்களுக்குக் குதிகால் தசைநாணும் முழங்காலும்தான் முதலில் போகும். புறப்படும் முன் இங்கேயே ஆறு வாரம் ஓடிப் பழகுங்கள்.

நான் லண்டனில் படிக்கப் போகிறேன். ஐரோப்பாவில் இப்படி ஏதாவது உண்டா? — வாசகர், யாழ்ப்பாணம்

ஸ்டேடியக் கூட்டம் கிடையாது. ஆனால் நீங்களே ஆடலாம். பாரிஸ் அருகே ஜூயி-ஆன்-ஜோசாஸில் உள்ள ஹெச்.இ.சி. வளாகத்தில் ஆண்டுதோறும் மே மாதம் எம்.பி.ஏ.டி. என்ற போட்டியை அங்குள்ள எம்.பி.ஏ. மாணவர்களே நடத்துகிறார்கள். ஐரோப்பாவின் பிசினஸ் ஸ்கூல்கள் மூன்று நாள் அங்கே கூடும். கால்பந்து, கூடைப்பந்து, டென்னிஸ் மட்டுமில்லை, சதுரங்கம்கூட உண்டு. உங்களுக்குத் தடையாக நிற்பது பிரான்ஸுக்குள் நுழையத் தேவையான ஷெங்கன் விசா. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் அது தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள். ஆனால் லண்டனில் நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே சிரமம். அணியில் பெயர் உறுதியாகட்டும் என்று ஏப்ரல்வரை காத்திருந்தால் மற்றவர்கள் ரயில் ஏறும்போது நீங்கள் கையசைக்க வேண்டியிருக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போகிற வாசகர்களுக்குப் படகோட்டம். 1829-இல் தொடங்கிய இரு பல்கலைக்கழகப் படகுப் போட்டியில் எம்.பி.ஏ. மாணவர்களும் ஓட்டியிருக்கிறார்கள். 2008 ஒலிம்பிக்கில் ஓட்டிய விங்கிள்வாஸ் இரட்டையர் 2010-இல் ஆக்ஸ்ஃபோர்டு படகில் இருந்தபோது சையித் பள்ளி மாணவர்கள்; அந்த ஆண்டு வென்றது கேம்பிரிட்ஜ். அது அவர்கள் தரத்துக்கு. புதியவர்களுக்குக் கல்லூரிப் படகுகள் இருக்கின்றன. அங்கே நதி குறுகல் என்பதால் படகுகளை வரிசையாக நிறுத்தி, முன்னால் போகும் படகை இடிப்பவருக்கு ஓர் இடம் முன்னேற்றம் என்று போட்டி. படிப்பு ஒரே வருடம். அக்டோபரில் முதல் வாரத்திலேயே பெயர் கொடுக்காதவருக்கு வாய்ப்பு திரும்ப வராது. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் பூத் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே விளையாட்டுச் சூழல் இல்லை என்கிறார்கள். இழப்பா? — வாசகர், சென்னை

படிப்புக்கும் வேலைக்கும் எந்த இழப்பும் இல்லை. சிகாகோவின் கதை சுவையானது. சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 1935-இல் முதன்முதலில் வாங்கிய ஜே பெர்வாங்கர் அந்தப் பல்கலைக்கழக மாணவர். நான்கே ஆண்டுகளில், 1939-இல், தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் ஃபுட்பாலையே நிறுத்திவிட்டார். 1969-இல் திரும்ப வந்தாலும் இப்போது அது மூன்றாம் டிவிஷன் ஆட்டம். பழைய ஆரவாரம் இல்லை. ஆனால் ஸ்டேடியக் கூட்டம் இல்லாத இடத்தில் ஒட்டுறவை மாணவர்களே கட்டியாக வேண்டும். மேற்குக் கடற்கரையில் அதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் தொடங்கிய ‘சேலஞ்ச் ஃபார் சாரிட்டி’யில் பல பிசினஸ் ஸ்கூல்கள் வசந்த காலத்தில் ஒரு வார இறுதி விளையாட்டில் மோதுகின்றன. களத்தில் எடுத்த புள்ளியோடு ஆண்டு முழுக்கச் செய்த தொண்டு நேரமும் திரட்டிய நிதியும் கணக்கில் சேரும். உடம்பு ஒத்துழைக்காதவரும் தன் பள்ளிக்குப் புள்ளி சேர்க்க முடிகிற இந்த ஏற்பாடு எங்களுக்கு மிகவும் பிடித்தது.

விளையாட்டு நிர்வாகத்திலேயே வேலை தேட ஆசை. எங்கே தொடங்குவது? — வாசகி, ஈரோடு

உங்கள் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில். டிக்கெட் விலை நிர்ணயம், ஸ்பான்சர் கணக்கு, தரவுப் பகுப்பாய்வு என்று அங்கே எம்.பி.ஏ. மாணவருக்கு வேலை இருக்கிறது. வளாகத்துக்குள் என்பதால் எஃப்-1 மாணவர் விசாவில் படிப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வரை செய்யலாம். வெளியே தொழில்முறை அணிகளில் கோடைப் பயிற்சி என்றால் முன்னதாகவே பள்ளியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் சி.பி.டி. எனப்படும், படிப்பின் பகுதியாக வெளியே வேலை செய்வதற்கான அனுமதி வாங்க வேண்டும். சம்பளமில்லாத பயிற்சிக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். எம்.ஐ.டி. ஸ்லோன் மாணவர்கள் பாஸ்டனில் ஆண்டுதோறும் நடத்தும் விளையாட்டுத் தரவு மாநாட்டுக்கு அணிகளின் நிர்வாகிகள் வருகிறார்கள். மாணவர் கட்டணத்துக்கான இடங்களை முன்கூட்டியே பிடியுங்கள்.

படிப்பு முடிந்தபின் ஒரு கணக்கு உங்களுக்குச் சாதகம். பல்கலைக்கழகமே வேலை தருவதாக இருந்தால் ஹெச்-1பி வேலை விசாவின் ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு பொருந்தாது. குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டாம். தொழில்முறை அணிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. சம்பளம் கன்சல்டிங்கைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும். கல்விக்கடன் தவணையை எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கணவர் எம்.பி.ஏ. மாணவர், நான் மாணவரின் துணைவருக்கான எஃப்-2 விசாவில் டர்ஹாமில் இருக்கிறேன். எனக்கும் மாணவர் டிக்கெட் கிடைக்குமா? — வாசகி, டர்ஹாம்

மாணவர் அட்டை இல்லாமல் கிடைக்காது. கணவர் அட்டையைக் கடன் வாங்கி நுழைய முயலாதீர்கள்; பிடிபட்டால் அவருடைய சீசன் டிக்கெட்டே போகும். பெண்கள் கூடைப்பந்து, கால்பந்து, பேஸ்பால் போன்றவற்றுக்குப் பொதுமக்கள் டிக்கெட் மலிவு. பெண்கள் கூடைப்பந்து அதே கேமரன் அரங்கில்தான் நடக்கிறது. பள்ளியில் துணைவர்களுக்கான சங்கம் இருந்தால் அதில் சேருங்கள், கூட்டமாகப் போக வழி செய்வார்கள். வெளிர் நீலச் சேலையோ சுடிதாரோ மட்டும் அன்றைக்கு வேண்டாம். அது 16 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பரம எதிரியான சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தின் நிறம், டியூக்குக்கு அடர்நீலம்.